கணிதம் கட்டாயப் பாடமாக இருத்தல் வேண்டுமா?

தமிழகத்தை விட்டுத் தில்லி, மும்பை, கொல்கத்தா முதலிய நகரங்களில் குடியேறி வாழும் நம்மவர் இல்லங்களில், பத்தாம் வகுப்புத் தேர்வு நெருங்கும் மாதங்களில் ஒரு வினா ஆண்டுதோறும் எழக் காண்கிறோம். “சங்கீதம் பயில விரும்பும் பெண்ணுக்கு முக்கோண கணிதம் எதற்கு? வழக்கறிஞராக வேண்டும் என்னும் பிள்ளை இருபடிச் சமன்பாட்டோடு ஏன் மல்லாட வேண்டும்?” என்று தாயார் கேட்பார். “கணக்கில்லாமல் பிழைப்பு ஏது?” என்று தந்தையார் மறுமொழி கூறுவார். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. இவ்வினா புதியதன்று. சென்ற இருநூறு ஆண்டுகளில் இந்தியக் கல்வியின் வரலாற்றில் அது பலமுறை எழுந்து, ஒவ்வொரு முறையும் வெவ்வேறு விடை பெற்றிருக்கிறது. அவ்விடைகளை வரிசையாக நோக்கினால், நம் பிள்ளைகளின் பொருட்டு நாம் கேட்க வேண்டுவது எது என்பது தெளிவாகும்.

முதலில் என் குடும்பத்துச் செய்தி ஒன்றைக் கூற அனுமதி வேண்டுகிறேன். என் தமக்கையார் 1990களின் தொடக்கத்தில் தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதினார். தமிழிலும் சமூக இயலிலும் பள்ளிக்கே முதல்வராக வந்தார். கணிதத்தில் 31 மதிப்பெண் பெற்றார். தேர்ச்சிக்கு 35 வேண்டும். மறுமுறை எழுதியும் வெற்றி கிட்டவில்லை. அத்துடன் அவர் படிப்பு முடிந்தது. பின்னர் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக அவர் வசிக்கும் தெருவின் மகளிர் சீட்டுக் கணக்கை அவரே வைத்து வருகிறார். தள்ளுத் தொகை, கழிவு, பங்கு ஆகியவற்றில் ஒரு ரூபாய் பிசகியதாக எவரும் சொன்னதில்லை. அவருக்குக் கணக்கு வராது என்று ஒரு தாள் சொல்லிற்று. ஊர் அவ்வாறு சொல்லவில்லை.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன் ஆதலின், அரசாங்கச் சுற்றறிக்கைகளில் ‘கட்டாயப் பாடம்’ என்னும் தொடரைக் காணும்போதெல்லாம் நான் சற்றே தயங்குவதுண்டு. அத்தொடரினுள் இரு வேறு பொருள்கள் ஒளிந்திருக்கின்றன. எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்பாடத்தைக் கற்பித்தே ஆக வேண்டும் என்பது ஒன்று. அப்பாடத்தில் தேறாத பிள்ளையை மேலே விடலாகாது என்பது மற்றொன்று. முன்னது பள்ளியின் கடமையைக் குறிப்பது. பின்னது பிள்ளையின் மீது சுமத்தும் நிபந்தனை. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதியதே நம் கல்வி வரலாற்றில் பல துன்பங்களுக்குக் காரணம் என்பது என் கருத்து. வரலாறு அதற்குச் சான்று பகர்கிறதா என்று பார்ப்போம்.

நம் முன்னோர் பயின்ற திண்ணைப் பள்ளிக் கூடத்திலிருந்து தொடங்கலாம். அங்கே எழுத்துக்கு நிகரான இடம் எண்ணுக்கு இருந்தது. எண்சுவடி, பொன்னிலக்கம், நெல்லிலக்கம், குழிமாத்து என்பன மாணவர் மனப்பாடம் செய்த வாய்பாடுகள். நெல்லை அளக்கவும், பொன்னை நிறுக்கவும், நிலத்தின் பரப்பைக் காணவும் அவை பயன்பட்டன. பின்னங்களில் நம்மவர் காட்டிய நுட்பம் வியப்புக்குரியது. கால், அரைக்கால், மாகாணி என்று இறங்கி, 320இல் ஒரு பங்காகிய முந்திரி வரையிலும், அதற்கும் கீழே கீழ்வாய் இலக்கம் வரையிலும் பிள்ளைகள் ஓதினர். சட்டாம்பிள்ளை சொல்ல, மற்றவர் திருப்பிச் சொல்லினர். ஆண்டிறுதித் தேர்வு என்பதோ மதிப்பெண் பட்டியல் என்பதோ அங்கே கிடையாது. கணக்கில் தேர்ந்தவன் ஊர்க் கணக்கு எழுதினான். தேராதவன் தன் வயலுக்குப் போதுமான அளவைக் கற்றுக் கொண்டு சென்றான்.

இதைக் கேட்டுப் பழங்காலமே பொற்காலம் என்று மயங்கிவிடல் ஆகாது. சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்ரோ 1822இல் எல்லா மாவட்டங்களிலும் பள்ளிகளைக் கணக்கெடுக்க ஆணையிட்டார். 1826இல் அவர் எழுதிய குறிப்பின்படி, 1,28,50,941 மக்கள் வாழ்ந்த மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. அவற்றில் பயின்றோர் 1,88,650 பேர். ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி என்பது அக்காலத்துக்குச் சிறுமையன்று. ஆயினும் பெண்கள் மிகச் சிலரே இருந்தனர். தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்குப் பல திண்ணைகளில் இடமே இல்லை. உள்ளே வந்தவனைத் தேர்வு வைத்து வெளியேற்றாத அப்பள்ளி, பலரை உள்ளேயே விடவில்லை. எல்லார்க்கும் கற்பித்தல் என்னும் கருத்து அன்று பிறக்கவில்லை.

இனி, நம் கல்வியின் போக்கை மாற்றிய ஆங்கிலேயரின் நாட்டைச் சிறிது நோக்குவோம். அங்கே கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் கணிதமே வாயிற்காவலனாக நின்றது. இலத்தீன், கிரேக்க இலக்கியங்களில் சிறப்புப் பட்டம் பெற விரும்புவோரும் முதலில் கணிதச் சிறப்புத் தேர்வில் இடம் பெற்றாக வேண்டும் என்பது விதி. 1822இல் அத்தேர்வில் சிறப்பு வரிசையில் இடம் பெறாது போன மாணவர் ஒருவர் இருந்தார். அவர் பெயர் தாமஸ் பாபிங்டன் மெக்காலே. கவிதையிலும் சொல்வன்மையிலும் பரிசுகள் பெற்றவர். கணிதத்தில் அவருக்கு வெறுப்பு. 1835ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் நாள் இந்தியக் கல்வி பற்றிய புகழ் பெற்ற குறிப்பை எழுதி, ஆங்கிலக் கல்விக்கு இந்நாட்டில் வழி வகுத்தவர் அவரே. கட்டாயக் கணிதத்தால் இடர்ப்பட்டவர் வகுத்த வழியில் வந்த கல்வியிலும் கணிதம் கட்டாயமாகவே வந்து சேர்ந்தது.

அது வந்த விதம் இது. 1854இல் வெளியான உட்டின் கல்வி அறிக்கையைத் தொடர்ந்து 1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் பல்கலைக் கழகங்கள் நிறுவப் பெற்றன. அவற்றின் நுழைவாயிலாக மெட்ரிக்குலேஷன் தேர்வு அமைந்தது. எண் கணிதம், இயற்கணிதம், யூக்ளிட் வடிவகணிதம் ஆகியவை அதில் இடம் பெற்றன. அரசாங்க அலுவலை நாடியோர்க்கு அத்தேர்வே அளவுகோலாயிற்று. திண்ணையில் நெல்லையும் நிலத்தையும் அளக்கப் பயன்பட்ட கணக்கு, இப்போது மனிதரை அளக்கும் கருவியாகிவிட்டது. ‘கட்டாயம்’ என்னும் சொல்லின் இரண்டாம் பொருள், முதற் பொருளை விழுங்கத் தொடங்கிய காலம் இதுவே எனலாம். நாட்டில் பெரும்பாலோர்க்குக் கணிதம் கற்பிக்க ஏற்பாடு இல்லை. கற்க வந்த சிலரையும் வடிகட்ட மட்டும் ஏற்பாடு இருந்தது.

இவ்வடிகட்டியின் குறைபாட்டை விளக்க, நாம் நன்கறிந்த ஒருவர் வாழ்க்கையே போதும். 1887இல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச இராமானுஜன், 1904இல் பள்ளியை முடித்தபோது கணிதப் பரிசு பெற்றார். கல்லூரி உதவித் தொகையும் பெற்றார். கும்பகோணம் அரசினர் கல்லூரியில் கணிதம் ஒன்றையே பற்றிக் கொண்டு ஏனைய பாடங்களில் தோற்றமையால் உதவித் தொகையை இழந்தார். பிறகு சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து, 1906இலும் 1907இலும் எஃப். ஏ. தேர்வில் தோல்வியுற்றார். உடலியல் அவருக்குப் பெரும் இடராயிற்று. 1912இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் எழுத்தராக அமர்ந்த அவர், 1913இல் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். 1918இல் இராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். என் தமக்கையாரை நிறுத்தியது கணிதம். இராமானுஜனை நிறுத்தியது கணிதமல்லாத பாடங்கள். இருவர் அறிவும் ஒன்றென்று நான் கூற வரவில்லை. எல்லாப் பாடத்திலும் ஒருங்கே தேறாதவனுக்கு மேலே வழியில்லை என்னும் விதி ஒன்றே இருவர் முன்னும் நின்றது என்பதையே கூறுகிறேன்.

கணிதம் கற்கும் வேட்கை பிள்ளைக்கு உண்டோ இல்லையோ என்று ஆராய்ந்த அளவுக்கு, அதை எம்மொழியில், எம்முறையில் கற்பிப்பது என்பதை அக்காலத்தார் ஆராயவில்லை. விதிவிலக்காகச் சிலர் இருந்தனர். பழைய தில்லிக் கல்லூரியில் ஆசிரியராக விளங்கிய இராமச்சந்திரர் அவருள் ஒருவர். மேலை நாட்டுக் கணித நூல்களை உருது மொழியில் பெயர்த்த அவர், மீப்பெரு, மீச்சிறு மதிப்புகளைக் காணும் கணக்குகளை நுண்கணிதம் இன்றி இயற்கணிதத்தாலேயே தீர்க்கும் நூல் ஒன்றை 1850இல் கல்கத்தாவில் வெளியிட்டார். இந்திய மரபில் இயற்கணிதம் வேரூன்றியிருத்தலின், அவ்வழியே சென்றால் நம் மாணவர்க்குக் கணிதம் எளிதில் விளங்கும் என்பது அவர் நம்பிக்கை. இலண்டன் பேராசிரியர் டி மார்கன் அதன் அருமையை உணர்ந்து 1859இல் அந்நூலை இங்கிலாந்தில் வெளிவரச் செய்தார். தில்லியில் வாழும் தமிழர் பெருமையுடன் நினைக்கத் தக்க பெயர் இது.

மொழியின் இடரை நேரே அனுபவித்துக் கூறியவர் காந்தியடிகள். பள்ளியில் நான்காம் வகுப்பு முதல் ஆங்கிலத்தில் பாடம் கேட்க நேர்ந்தமையால் வடிவகணிதம் தமக்குப் புரியாத புதிராக இருந்தது என்றும், யூக்ளிடின் பதின்மூன்றாம் தேற்றத்தை எட்டியபோதுதான் அதன் எளிமை புலப்பட்டது என்றும் தம் சுயசரிதையில் எழுதியுள்ளார். பன்னிரண்டாவதிலேயே அவரை வெளியேற்றியிருப்பின் அந்த எளிமையை அவர் கண்டிருக்க மாட்டார். வீட்டில் தமிழும், தெருவில் இந்தியும் மராட்டியும் வங்காளமும், வகுப்பில் ஆங்கிலமும் கேட்கும் நம் குழந்தைகளின் நிலையை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். கணக்குப் புரியவில்லை என்று பிள்ளை சொல்லும்போது, புரியாதது கணக்கா, அது சொல்லப்பட்ட மொழியா என்பதை நாம் வினவுகிறோமா?

நாடு விடுதலை பெற்ற பின், வினா மீண்டும் எழுந்தது. 1952இல் மத்திய அரசாங்கம் இடைநிலைக் கல்விக் குழு ஒன்றை அமைத்தது. அதன் தலைவர் சென்னைப் பல்கலைக் கழகத் துணைவேந்தர் டாக்டர் ஆ. இலட்சுமணசாமி முதலியார். 1953இல் அளித்த அறிக்கையில் அக்குழு நடுவழி ஒன்றைக் காட்டிற்று. கணிதம் உள்ளிட்ட பொது அறிவியல் தொடக்கத்து இரண்டாண்டுகளுக்கு எல்லார்க்கும் பொதுவாக இருத்தல் வேண்டும். பின்னர் மனித இயல், அறிவியல், தொழில் நுட்பம், வாணிகம், வேளாண்மை, நுண்கலை, மனையியல் என்னும் ஏழு பிரிவுகளுள் ஒன்றை மாணவர் தேர்ந்து கொள்ளலாம் என்றது. தமிழகத்தில் பழைய பதினொரு ஆண்டு எஸ். எஸ். எல். சி. முறையில் பயின்ற பெரியோர், பொதுக் கணிதம், காம்பொசிட் கணிதம் என இருவகை இருந்ததை நினைவு கூர்வர்.

விருப்பத்துக்கு விடுவது இனிமையாகவே தோன்றும். ஆயினும் நடைமுறையில் நிகழ்ந்தது என்ன? பல இடங்களில் பெண்களை மனையியலுக்குத் திருப்பினர். கணிதத்தைக் கைவிட்டவர் பதினான்கு வயதில் தாமே எண்ணித் துணிந்து கைவிட்டவர் அல்லர். “உனக்கு இது வேண்டாம்” என்று பிறரால் சொல்லப்பட்டவரே பலர். 1960களின் தொடக்கத்தில் ஹன்சா மேத்தா தலைமையில் அமைந்த குழு, ஆணுக்கு ஒரு பாடத்திட்டம், பெண்ணுக்கு ஒரு பாடத்திட்டம் என்னும் வேற்றுமையே கூடாது என்று பரிந்துரைத்தது. 1964இல் தொடங்கி 1966இல் அறிக்கை அளித்த கோத்தாரி கல்விக் குழுவும் அதனை ஏற்றது. முதல் பத்தாண்டுப் பொதுக் கல்வியில் அறிவியலும் கணிதமும் எல்லார்க்கும் கட்டாயம் என்றும் உரைத்தது. 1968ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, பள்ளிப் படிப்பு முடியும் வரை இவ்விரண்டும் பொதுக் கல்வியின் பிரிக்க முடியாத பகுதியாதல் வேண்டும் என்று அறிவித்தது. தமிழ்ப் பெண்கள் ஆயிரக் கணக்கில் பொறியியலும் கணக்கியலும் பயின்று இன்று பெங்களூரிலும் புனேயிலும் பணிபுரிகின்றனர் என்றால், பத்தாம் வகுப்பு வரை கணிதத்தை அவர்களிடமிருந்து எவரும் பறிக்க முடியாமற் போனதும் அதற்கு ஒரு காரணம்.

இங்கே ‘கட்டாயம்’ என்னும் சொல் தன் முதற் பொருளில் நின்று நன்மை செய்ததைக் காண்கிறோம். ஆனால் இரண்டாம் பொருளும் உடன் வந்தது. கற்பித்தலைக் கட்டாயமாக்கிய கையோடு தேர்ச்சியையும் கட்டாயமாக்கினர். ஆசிரியர் பயிற்சியும், சிறு வகுப்புகளும், பின்தங்கியவர்க்குத் தனிக் கவனமும் அதே வேகத்தில் வளரவில்லை. 2005ஆம் ஆண்டுத் தேசியப் பாடத்திட்டச் சட்டகத்தின் பொருட்டுக் கணிதக் கல்வியை ஆராய்ந்த குழுவுக்குச் சென்னைக் கணித அறிவியல் நிறுவனப் பேராசிரியர் இரா. இராமானுஜம் தலைமை தாங்கினார். அச்சமும் தோல்வி உணர்ச்சியும், திறமையுள்ள சிலரையும் ஈடுபாடற்ற பலரையும் ஒருங்கே ஏமாற்றும் பாடத்திட்டம், இயந்திரப் போக்கான தேர்வு, ஆசிரியர்க்குப் போதிய துணையின்மை ஆகியவற்றைக் குழு குறைகளாக எடுத்துக் காட்டியது. எல்லாப் பிள்ளைகளாலும் கணிதம் கற்க இயலும், எல்லாரும் கற்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை. கட்டாயப் பாடம் எனில், அதை நன்கு கற்பிக்கப் பெறுதல் ஒவ்வொரு குழந்தையின் உரிமை என்று அக்குழு கண்டது. மாணவர் மீதிருந்த சுமையை இக்கருத்து பள்ளியின் தோளுக்கு மாற்றுகிறது.

அதன் பின்னர் வாயில் சிறிது சிறிதாகத் திறந்து வருகிறது. 2017இல் பம்பாய் உயர் நீதிமன்றம், கலைத் துறையை நாடும் மாணவர்க்குக் கணிதத்தை விருப்பப் பாடமாக்கலாகாதா என்று கல்வி வாரியங்களை வினவியது. மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2020ஆம் ஆண்டுப் பத்தாம் வகுப்புத் தேர்விலிருந்து நிலைக் கணிதம், அடிப்படைக் கணிதம் என இருவகை வினாத்தாள்களை ஏற்படுத்திற்று. பாடத்திட்டம் ஒன்றே, வகுப்பும் ஒன்றே, வினாக்களின் கடுமையில் மட்டும் வேறுபாடு. கணிதத்தில் தவறிய மாணவர் ஆறாவதாக எடுத்த திறன் பாடத்தில் தேறியிருப்பின், அது கணிதத்தின் இடத்தில் கொள்ளப்படவும் வாரிய விதி இடம் தந்துள்ளது. 1989இல் தோன்றிய தேசியத் திறந்தநிலைப் பள்ளி முறையில், கணிதம் எடுக்காமலே இடைநிலைச் சான்றிதழ் பெற வழியுண்டு.

பெற்றோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அடிப்படைக் கணிதம் எழுதியவர் பதினொன்றாம் வகுப்பில் கணிதம் பயில விரும்பினால் நிலைக் கணிதத்தை மீண்டும் எழுத வேண்டும் என்பது தொடக்கத்தில் இருந்த விதி; பின்னர் அவ்வப்போது அது தளர்த்தப் பெற்றது. பணியாளர் தேர்வு ஆணையத்தின் பல தேர்வுகளில் எண் திறன் வினாக்கள் உண்டு. மத்திய அரசாங்க வேலையை நாடும் நம் குடும்பங்கள் இதை நன்கறியும். ஒன்பதாம் வகுப்பில் மூடிய கதவு இருபத்திரண்டாம் வயதில் மீண்டும் எதிர்ப்படும். ஆகவே எளிய வழி எது என்று மட்டும் பாராமல், எவ்வழி எங்கே கொண்டு சேர்க்கும் என்று பள்ளியில் கேட்டறிந்து முடிவு செய்தல் நலம்.

இதுகாறும் கண்டவற்றைத் தொகுத்துக் கூறுவோம். மெட்ரிக்குலேஷன் காலத்தில் கட்டாயம் என்பது சிலரை வடிகட்டும் கருவியாக இருந்தது. 1950களில் விருப்பத்துக்கு விடப்பட்டபோது, எளியோரிடமிருந்தும் பெண்களிடமிருந்தும் கணிதம் நழுவிற்று. 1968க்குப் பின் எல்லார்க்கும் கற்பித்தல் கொள்கையாயிற்று. ஆனால் தேர்வின் கடுமை பலரை வழியில் நிறுத்தியது. இவ்வரலாறு புகட்டும் பாடம் ஒன்றே. கற்பித்தல் கட்டாயமாக இருக்கட்டும். அதனைக் கைவிடும் உரிமையைப் பள்ளிக்கு வழங்கலாகாது. ஆனால் ஒரு பாடத்தில் நான்கு மதிப்பெண் குறைந்த குற்றத்துக்காக ஒரு பிள்ளையின் எஞ்சிய படிப்பு முழுவதையும் பறிக்கும் கட்டாயம் ஒழிய வேண்டும்.

வீட்டில் நாம் செய்யக் கூடியதும் ஒன்று உண்டு. கடையில் வாங்கிய பொருளின் கணக்கையும், பால் கணக்கையும், ஊருக்குச் செல்லும் ரயில் பயணத்தின் நேரத்தையும் பிள்ளைகளிடம் தமிழில் கேட்போம். கால், அரை, முக்கால் என்னும் சொற்களைத் தாய்மொழியில் கையாண்ட குழந்தைக்கு, வகுப்பில் அதே பின்னங்கள் வேறு மொழியில் வரும்போது அவை அந்நியமாகத் தோன்றா.

என் தமக்கையாரின் மகள் சென்ற ஆண்டு பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதினாள். தேர்வுக்கு முந்திய மாதங்களில் வட்டிக் கணக்கும் விழுக்காடும் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவர் யார் என்று கேட்டேன். “அம்மாதான், மாமா. சீட்டு நோட்டை வைத்துக் கொண்டு சொல்லிக் கொடுத்தாள்” என்றாள். கணிதத்தில் அவள் பெற்றது 64. அப்பாடம் கட்டாயமாக இருந்ததற்காக இன்று தாயும் மகளும் வருந்தவில்லை. தாய்க்கு மேலே செல்ல வழி விடாதிருந்தார்களே என்பதற்காக நான் இன்னும் வருந்துகிறேன்.